கறுத்த தட்டு ஊத்தைத் தட்டு அல்ல

ஓர் இரும்புத் தட்டு எத்தனை வருடம் உழைக்கும்? கவனமாகப் பாவித்தால் வாங்கியவரின் பேரப்பிள்ளையும் அதில் ரொட்டி சுடலாம். கவனியாது விட்டால் ஒரே மாரியில் பழைய இரும்பு வாங்க வருபவரின் தராசில் ஏறிவிடும். இந்த இரண்டையும் நாம் கண்டிருக்கிறோம். இரண்டாவதையே அதிகம் கண்டிருக்கிறோம் என்பதால்தான் இக்கட்டுரையை எழுத வேண்டியதாயிற்று.

சந்திகளில் கொத்து ரொட்டி போடப் பாவிக்கும் தட்டையான, கனத்த இரும்புத் தட்டைப் பற்றியே இங்கு பேசுகிறோம். கீழே காஸ் அடுப்பு, மேலே தட்டு, நாலு தடி நட்டுக் கட்டிய கிடுகுக் கொட்டில். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி வந்த குடும்பங்களுள் ஒரு பகுதியினருக்குத் தமது செம்மண் காணியில் கால்வைக்க இன்றும் வழியில்லை. வன்னியிலும் 2009 இன் பின் ஊர் திரும்பியும் வயல் கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். வெங்காயமும் புகையிலையும் நெல்லும் விளைவித்த கைகள் வேறு தொழில் தேட வேண்டியிருக்கிறது. வாழ்வாதார உதவியாகவோ சங்கக் கடனாகவோ இப்படியான தட்டும் அடுப்பும் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பின்னேரத்தில் சந்தியிலே ரொட்டியும் தோசையும் கொத்தும் போட்டு விற்கிறார்கள். ஓகஸ்ட் மாத மடுத் திருவிழா போன்ற பெருநாட்களில் இரவிரவாக அடுப்பு எரிகிறது.

கொடுப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கையளிப்பு வைபவம் நடக்கிறது, படம் எடுக்கப்படுகிறது, பயனாளி கையொப்பம் வைக்கிறார். தட்டை முதல் நாள் எப்படிப் பழக்குவது, மாரியில் எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் நிற்பதில்லை. மாடு கொடுத்தால் வைத்தியரைக் காட்டுகிறார்கள், விதை கொடுத்தால் விவசாயப் போதனாசிரியர் வருகிறார். இரும்புக்கு என்ன போதனை என்று நினைத்துவிடுகிறார்கள் போலும்.

ஊத்தையும் பூச்சும்

எமது பெண்கள் துப்புரவில் பெயர் போனவர்கள். பானை சட்டியை மண்ணும் சாம்பலும் போட்டு உரஞ்சி, வெயிலில் கவிழ்த்து, வெள்ளிபோல மினுக்கி வைப்பதே நல்ல வீட்டின் அடையாளம் என்று தாய்மார் பழக்கியிருக்கிறார்கள். அலுமினியச் சட்டிக்கு அது சரி. இரும்புத் தட்டுக்கு அதுவே பகை. இரண்டு கிழமை பாவித்ததும் தட்டு கறுக்கிறது. சனம் பார்த்தால் என்ன சொல்லும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்ன சொல்லுவார் என்ற வெட்கத்தில் கம்பித் தும்பும் சலவைத்தூளும் போட்டு வெள்ளை இரும்பு தெரியுமட்டும் தேய்த்துவிடுகிறார்கள். அடுத்த நாள் விடிய அதன்மேல் செம்மஞ்சளாகக் கறள் பூத்திருக்கிறது. தோசை ஒட்டுகிறது, ரொட்டி பிய்கிறது. ஒட்டுகிறதே என்று மேலும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். எண்ணெய் விற்கும் விலையில், உழைத்த காசு தட்டிலேயே எரிந்து போகிறது.

அந்தக் கறுப்பு என்ன என்று விளங்கிக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். சில வகை எண்ணெய்களை இரும்பின்மேல் மிக மெல்லிதாகப் பூசிப் புகை வருமட்டும் சூடாக்கினால், அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, அதன் நுண்துணிக்கைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒரு கடினமான தோலாக மாறிவிடுகிறது. அதன் பின் அது எண்ணெய் அல்ல. தொட்டால் கையில் படாது, தண்ணீரில் கரையாது. கதவுக்குப் பூசும் வாணிஷ் காய்ந்து இறுகுவது போன்றதே இதுவும். இத்தோல் ஈரம் இரும்பைத் தொடாதபடி மறைக்கிறது, மாவு இரும்பில் ஒட்டாதபடியும் தடுக்கிறது. நல்ல தட்டின் கறுப்பு இதுதான்.

இன்னொரு கறுப்பும் உண்டு. கருகிய மாவும் வெங்காயமும் பழைய எண்ணெயும் சேர்ந்து கட்டிபட்டு நிற்பது. அது உண்மையான ஊத்தை. இரண்டையும் பிரித்தறிவது எளிது. தட்டு இளஞ்சூடாக இருக்கும்போது வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பூச்சு வழுவழுப்பாக, மினுக்கமாக இருக்கும், துணியில் அநேகமாக ஒன்றும் படாது. ஊத்தை சொரசொரத்து உதிரும், துணி கரியாகும். பரிசோதகர் வந்தாலும் இந்தத் துணியையே காட்டலாம். அவர் குறை சொல்வது இரண்டாவது கறுப்பையாக இருந்தால் அவர் சொல்வது நியாயம், சுரண்டித்தான் ஆகவேண்டும்.

எந்த எண்ணெய்?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். எங்கள் குசினிகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்கு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது மேலே சொன்னவாறு பின்னிப் பிணைந்து இறுகாது. சமைக்க நல்லது, தட்டைப் பழக்க உதவாது. எள்ளிலிருந்து எடுத்த நல்லெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுறாத கொழுப்பு. சூடு பட்டதும் அது நன்றாக இறுகும். தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் தொட்டுப் பாதி வெங்காயத்தால் தேய்த்த எங்கள் ஆச்சிமார் இரசாயனம் படிக்கவில்லை, ஆனாலும் சரியான போத்தலையே எடுத்தார்கள். சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் என்பனவும் பொருந்தும். மாஜரின் வேண்டாம், அதில் உப்பும் தண்ணீரும் இருக்கின்றன. நல்லெண்ணெய் விலை என்று தயங்க வேண்டியதில்லை. ஒருமுறை பூச ஒரு தேக்கரண்டி போதும், அதிலும் பாதி துணியோடு போய்விடும்.

விவசாயிகளாகிய உங்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மண்வெட்டியையும் கலப்பைக் கொழுவையும் மாரி முடியத் துடைத்து, உழவு இயந்திரத்தின் கழிவு எண்ணெயைப் பூசி வைப்பது உங்கள் வழக்கம். இரும்பைக் காக்க எண்ணெய் வேண்டும் என்ற அறிவு உங்களிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் அந்த எண்ணெயை உணவுத் தட்டில் ஒருபோதும் பூசக்கூடாது. கழுவினாலும் எரித்தாலும் முற்றாகப் போகும் என்று நம்ப முடியாத நஞ்சுப் பொருட்கள் அதில் உள்ளன. வன்சாமான் கடைகளில் மரத்துக்குப் பூச விற்கும் சணல் எண்ணெயும் அப்படியே. விரைவாகக் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் கலந்திருக்கலாம்.

தட்டு வாங்கும்போது

புதுத் தட்டை வெல்டிங் கடையில் வெட்டி எடுப்பதுதான் வழக்கம். 2 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தட்டு ஏறத்தாழ 13 கிலோ வரும். அதே அளவில் 10 மில்லிமீற்றர் என்றால் 22 கிலோவுக்குக் கிட்ட. தடித்த தட்டு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், வளையாது. ஆனால் சூடேற நேரமும் காஸும் எடுக்கும். தனியொரு பெண் மாலையில் தூக்கி வைத்து இரவில் இறக்க வேண்டுமானால் 6 மில்லிமீற்றரே போதும் என்பது எமது எண்ணம். அதைவிட மெல்லியது நடுவில் குழிந்துவிடும்.

தட்டைச் சட்டத்தோடு நாலு பக்கமும் ஒட்டிவிட வேண்டாம் என்று வெல்டிங்காரரிடம் சொல்லுங்கள். இரும்பு சூட்டில் நீளும். 2 அடித் தட்டு 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு நீளும். நீள இடமில்லாவிட்டால் முதுகு வளையும். சட்டத்தின்மேல் தட்டு சும்மா இருக்க வேண்டும், நழுவாமல் மூலைகளில் சிறு தடுப்பு இருந்தால் போதும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2022 இல் நாடெங்கும் காஸ் இல்லாமற்போய்ச் சனம் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கழற்றக்கூடிய தட்டை அந்த நாட்களில் மூன்று கல் வைத்து விறகில் ஏற்றலாம். ஒட்டிவிட்ட தட்டு அடுப்போடு சேர்ந்து சும்மா கிடக்கும்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று எந்தத் தகட்டையும் எடுக்க வேண்டாம். நாகம் பூசிய தகட்டைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். மருந்தோ இரசாயனமோ இருந்த பரலின் மூடியும் பழைய வர்ணம் பூசிய தகடும் உணவுக்கு ஆகாது. வன்னியில் யுத்த எச்சங்களுக்குள் இரும்பு பொறுக்கப் போவதன் ஆபத்தை நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு தட்டுக்காக அதற்குள் கைவைக்க வேண்டாம்.

தட்டைப் பழக்குதல்

புதுத் தட்டில் இரண்டு பொருட்கள் இருக்கும். ஒன்று, கறள் பிடிக்காமல் கடைக்காரர் பூசிய எண்ணெய். கொதிநீரும் சவர்க்காரமும் போட்டுத் தும்பால் தேய்த்தால் அது போகும். மற்றது, ஆலையிலிருந்து வரும்போதே இருக்கும் நீலம் கலந்த சாம்பல் நிறத் தோல். இது இருந்தால் நாம் போடும் பூச்சு அதன்மேல் ஒட்டி, சில மாதத்தில் அதோடு சேர்ந்து கழன்றுவிடும். வினாகிரியில் நனைத்த துணியை ஓரிரவு தட்டின்மேல் விரித்து வைத்தால் காலையில் உரஞ்சி எடுக்கலாம். வெல்டிங் கடையிலேயே கிறைண்டர் பிடித்துத் தரச் சொல்வது இன்னும் சுகம். அரிசி கழுவின தண்ணீரில் நாட்கணக்காக ஊறவைக்கும் பழைய முறை சிறிய தோசைக்கல்லுக்குப் பொருந்தும், இவ்வளவு பெரிய தட்டை எதில் ஊறவைப்பது?

கழுவிய தட்டை உடனே அடுப்பில் ஏற்றி ஈரம் முழுதும் போகக் காயவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் பருத்தித் துணியில் நல்லெண்ணெய் தொட்டு மேல், கீழ், விளிம்பு எல்லாம் பூசுங்கள். நைலோன் துணி உருகி ஒட்டிவிடும். பூசியபின் வேறொரு காய்ந்த துணியால், தவறிப் பூசிவிட்டோம் என்று நினைத்துத் துடைப்பதுபோல முழுவதையும் துடைத்தெடுங்கள். இவ்வளவும் துடைத்தால் என்ன மிஞ்சும் என்று தோன்றும். மிஞ்சும் அந்த மெல்லிய படையே வேண்டியது. எண்ணெய் கூடினால் இறுகாமல் பசைபோல நின்று, பிறகு செதில் செதிலாகக் கழரும். பழக்குவதில் பிழைத்த தட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தாலேயே பிழைத்தன.

பிறகு நடுத்தர நெருப்பில் புகை வரவிட்டு, அந்தப் புகை தானாக அடங்குமட்டும் வையுங்கள். தட்டின் அளவைப் பொறுத்துக் கால் மணித்தியாலமோ அதற்கு மேலோ செல்லும். அடுப்பு நடுவில் மட்டும் எரிவதால் மூலைகள் பின்தங்கும், தட்டைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். ஆறவிட்டு மீண்டும் பூசி, துடைத்து, புகைய விடுங்கள். நாலைந்து முறை செய்தால் வெள்ளை இரும்பு முதலில் பித்தளை நிறமாகி, பிறகு மண்ணிறமாகி, கடைசியில் கறுக்கத் தொடங்கும். புகை கண்ணைக் கரிக்கும் என்பதால் வெளியிடத்தில், குழந்தைகள் இல்லாத நேரத்தில் செய்வது நல்லது. எண்ணெய்த் துணிகளை அடுப்பின் கீழ்த் தட்டில் செருகி வைக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

முதல் நாளே தோசை வார்த்துப் பார்த்து மனம் நோகாதீர்கள். முதலில் வெட்டிய வெங்காயத்தை எண்ணெய் விட்டுத் தட்டு முழுவதும் புரட்டி வதக்குங்கள். முதல் கிழமை எண்ணெய் கூடிய ரொட்டியாகப் போடுங்கள். மாட்டைக் கலப்பையில் பூட்டிய முதல் நாளே நாலு பரப்பு உழச் சொல்கிறோமா?

அன்றாடம்

விற்று முடிந்து களைத்துப்போய் நிற்கும் நேரத்தில்தான் தட்டுக்குரிய வேலை வருகிறது. ஆனால் அது ஐந்து நிமிட வேலை. சூடு ஆறுமுன் தட்டகப்பையின் விளிம்பாலோ கொத்தும் தகட்டாலோ ஒட்டியதைச் சுரண்டுங்கள். ஒரு பேணி தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தால் ஆவி ஊத்தையைக் கிளப்பும். வாளியோடு ஊற்றினால் தட்டு வளையும், ஆவி கையையும் முகத்தையும் அவிக்கும், கீழே பர்னரும் நனையும். துணியால் துடைத்து, மீண்டும் இரண்டு நிமிடம் நெருப்பில் காயவிட்டு, நல்லெண்ணெய்த் துணியால் ஒருதடவை துடைத்துவிட்டால் முடிந்தது.

சவர்க்காரமே ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அது மிகை. சாதாரண சவர்க்காரம் நன்றாக இறுகிய பூச்சைக் கரைக்காது, கழுவிய உடனே காயவைத்தால் போதும். கரைப்பவை வேறு. கோஸ்டிக் சோடா ஒரே தடவையில் பூச்சை உரித்துவிடும். தேசிக்காய், தக்காளி, பழப்புளி விட்ட குழம்பு என்பன மெல்ல மெல்ல அரிக்கும். கொத்துக்குக் குழம்பு விடாமல் இருக்க முடியாதுதான். தட்டில் குழம்பைக் கொதிக்க விடாமல் கடைசியில் விட்டுப் புரட்டி எடுங்கள், அந்த இரவு எண்ணெய்த் துணியை மறக்காதீர்கள். பிடிவாதமான ஊத்தைக்குக் கல்லுப்பும் எண்ணெயும் சேர்த்துத் தேய்க்கலாம், ஆனால் உப்பு ஒரு கல்லும் மிஞ்சக்கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும். கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றே உப்புக் காற்று என்பதால் அவர்கள் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் பாவித்தால் அறுந்த கம்பி ரொட்டிக்குள் போகும், அது தொண்டைக்கும் குடலுக்கும் ஆபத்து. பொச்சுமட்டை அதைவிட நல்லது, காசும் இல்லை.

நெருப்பை அணைத்தபின் இந்தக் கறுத்த தட்டு சுடுகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அரை மணித்தியாலம் கழிந்தும் பிள்ளையின் கையைச் சுடக்கூடும். ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

காஸைப் பற்றி

2021 இன் கடைசி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் காஸ் வெடிப்புகளும் தீ விபத்துகளும் நடந்தபின் சனத்துக்குப் பயம் வந்தது. பயம் நல்லதே, அது கவனமாக மாறினால். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். வெளியில் சமைக்கிறோம் என்று காற்றுக்காக நாலு பக்கமும் தகரம் அடித்துவிட்டால் அது வெளியிடம் அல்ல. காற்று வரும் பக்கம் மறைத்து, நிலத்தோடு இடைவெளி விடுங்கள். இவ்வளவு அகலமான தட்டு சூட்டைக் கீழேயும் திருப்பி அனுப்பும், ஆகவே சிலிண்டரைத் தட்டின் கீழ் வைக்கக்கூடாது. குழாய் எட்டும் தூரத்தில், பக்கவாட்டில், நேராக நிமிர்த்தி வையுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் றெகுலேற்றரிலும் குழாய்ப் பூட்டிலும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி பிடித்துப் பார்ப்பவர்களைக் கண்டால் தயவுசெய்து கையைத் தட்டிவிடுங்கள். வெடித்த இறப்பர் குழாயை நாடா சுற்றிப் பாவிப்பதும் அதே விளையாட்டுத்தான்.

சுவாலை நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகி, தட்டின் அடியில் கரி படிந்தால் பர்னரின் துளைகளில் எண்ணெய் அடைத்திருக்கிறது அல்லது காற்று போதவில்லை. ஆறியபின் கழற்றி, ஊசியால் துளைகளைத் திறந்து, கழுவிக் காயவிடுங்கள்.

மாரியும் காலபோகமும்

தட்டு அழிவது பாவிக்கும் நாட்களில் அல்ல, சும்மா இருக்கும் நாட்களில். ஐப்பசி மழையோடு சந்தியில் வியாபாரம் குறைகிறது. வயல் இல்லாதவர்களும் காலபோகத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். கொட்டில் ஒழுகுகிறது, தட்டு அங்கேயே கிடக்கிறது. மழை ஓய்ந்தாலும் தை மாசிப் பனி விடாது.

கொட்டிலை மூடும் நாளில் தட்டைக் கழற்றுங்கள். நன்றாகச் சூடாக்கி, மெல்லிதாக எண்ணெய் பூசித் துடைத்து, ஆறியதும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வீட்டுக்குள் நிமிர்த்தி வையுங்கள். மண் நிலத்தில் வேண்டாம், பலகைத் துண்டின்மேல். விறகடுப்பு உள்ள வீட்டில் அடுப்பின் மேலுள்ள பரணே மிகச் சிறந்த இடம். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துக் கறள் பிடிக்கும். எண்ணெயைத் தடிப்பாகப் பூசி வைத்தால் மூன்று மாதத்தில் சிக்கு மணம் அடிக்கும், கரப்பானும் வரும்.

எசேக்கியேல் நூலின் 4ஆம் அதிகாரத்தில், இறைவாக்கினர் ஓர் இரும்புத் தட்டை எடுத்துத் தமக்கும் நகருக்கும் இடையே சுவராக நிறுத்தும்படி பணிக்கப்படுகிறார். அவரும் சொந்த நாட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு, கெபார் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். ஓர் இடம்பெயர்ந்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் இரும்புத் தட்டு இருந்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம். மறையுரைக்கு வேறு இடம் உண்டு.

கறள் பிடித்துவிட்டதா? பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். தட்டு ஓட்டையாகவில்லை என்றால் அது சாகவில்லை. பூச்சை அரிக்கும் அதே பழப்புளி இங்கே மருந்தாகிறது. பித்தளைக் குத்துவிளக்கு மினுக்குவது போலப் பழப்புளியைக் கரைத்துப் பூசி, சற்று ஊறவிட்டு, செங்கல் துண்டாலும் பொச்சுமட்டையாலும் கறள் போக உரஞ்சுங்கள். மற்ற நாட்களில் கூடாது என்ற மண்ணும் சாம்பலும் இன்றைக்கு ஆகும். கழுவி உடனே நெருப்பில் காயவைத்து, முதல் நாள் செய்தது போல நாலைந்து முறை பழக்குங்கள். கறள் தின்ற சிறு குழிகள் இருந்தால் பரவாயில்லை, பூச்சு அவற்றுக்குள்ளும் ஏறும். பின்னேரம் தொடங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிடும்.

தட்டை மீண்டும் சட்டத்தில் ஏற்றுமுன் பர்னரின் குழாய்க்குள் ஒருமுறை பாருங்கள். சும்மா கிடந்த மாதங்களில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், சிலந்தியும் வலை பின்னியிருக்கும். அதோடு பற்றவைத்தால் காஸ் முன்னுக்கு வராமல் பின்னுக்கு எரியும். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, சவர்க்கார நுரையால் பூட்டுகளைப் பார்த்து, பிறகு பற்றவையுங்கள். முதல் ரொட்டி கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அதை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதிலிருந்து விற்கத் தொடங்கலாம்.